தீர்ப்பு கடல் தாண்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டன் ஐரோப்பியச் சட்டத்தை உதறிவிட்டுத் தன் பழைய பொதுச்சட்டத்துக்கு, அதாவது நீதிபதிகளின் முந்தைய தீர்ப்புகளை வைத்து நடக்கும் முறைக்கு, திரும்பிவிட்டதாக உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். லண்டன் நீதிமன்றங்களில் இருபது வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவன் நான். இங்கிலாந்து எங்கும் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. ஒன்றியத்தில் இருந்த 47 ஆண்டுகளும் இங்கே பொதுச்சட்டம்தான். அயர்லாந்து இன்றும் ஒன்றியத்துக்குள் இருந்தபடியே அதைத்தான் வைத்திருக்கிறது.

இந்தப் பொதுச்சட்டத்துக்கும், எழுதிவைத்த சட்டத் தொகுப்பை வைத்து நடக்கும் பிரெஞ்சு முறைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தது மச்சானின் வழக்கில். பாரிஸ் கடைக்காரர் ஒருவர் சரக்கை வாங்கிவிட்டுப் பணம் தரவில்லை. லண்டன் சட்டத்தரணி பழைய தீர்ப்புகளை ஒரு கோப்பாகக் கட்டி, பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்தார். பாரிஸ் சட்டத்தரணியோ சிவப்பு அட்டைபோட்ட சிவில் சட்டத் தொகுப்பைத் திறந்து 1104ஆம் பிரிவில் விரலை வைத்தார். ஒப்பந்தத்தைப் பேசும்போதும் முடிக்கும்போதும் நிறைவேற்றும்போதும் நல்லெண்ணம் வேண்டும் என்கிறது அது. இங்கிலாந்தில் அப்படி ஒரு பொதுவான கடமையே கிடையாது. நல்லெண்ணத்தோடு பேரம் பேசுவோம் என்ற உடன்பாடு செல்லாது என்று, அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1992இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சரி, இந்த வித்தியாசம் பிரெக்சிட்டுக்கு முன்னும் இருந்ததுதானே. அப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருந்தது. லண்டன் தீர்ப்பின் நகலும் நீதிமன்றச் சான்றிதழும் இருந்தால் பாரிஸில் நேரே வசூலில் இறங்கலாம். 2020 டிசம்பர் 31ஓடு அது போயிற்று. மச்சான் 2022இல் வழக்குப் போட்டு லண்டனில் வென்றார். அப்புறம் அந்தத் தீர்ப்பை ஏற்கச் சொல்லி, பாரிஸில் இன்னொரு சட்டத்தரணி வைத்துத் தனியாக ஒரு வழக்கு நடத்தவேண்டி வந்தது. தீர்ப்புகளை ஏற்பதற்கான 2019ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை பிரிட்டனுக்கு 2025 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தொடுத்த வழக்குகளுக்கு அது உதவாது.

எனக்கு ஆற்றாமை இதில்தான்: வழக்கு என்று வந்தால் லண்டன் நீதிமன்றத்தில் மட்டுமே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அப்படி ஒப்பந்தத்தில் தேர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பை மற்ற நாடுகள் ஏற்கவேண்டும் என்கிற 2005ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை மச்சானுக்குக் கைகொடுத்திருக்கும். அது பிரெக்சிட்டுக்குப் பிறகும் அறுபடவில்லை. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே சரக்கு அனுப்பும் நம்மவர்கள் எத்தனையோ பேர், பலர் வாய்ப்பேச்சிலேயே வியாபாரம் செய்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
லண்டன்