ஸ்கேன் சென்டரில் முதலில் கேட்கப்பட்ட பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர்கள் தொண்டு உள்ளத்தோடு இத்தொழிலுக்கு வருகிறார்களா, பணத்துக்காக வருகிறார்களா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. வடசென்னையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று மக்கள் அழைத்த ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தபோது கண்ணீர் விட்ட நாமே, அடுத்த வாரம் மருத்துவமனை பில்லைக் கையில் வாங்கியதும் மருத்துவர் குலத்தையே கொள்ளைக்காரர்கள் என்று ஏசுகிறோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையை என் வீட்டு அனுபவம் ஒன்றிலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் கணவரின் முதுகுவலிக்கு எங்கள் ஊர் மருத்துவர் ஒருவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அவர் குறிப்பிட்ட சென்டர் தொலைவில் இருந்ததால், வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்துச் சென்றோம். படத்தை உறையிலிருந்து பாதிகூட உருவாமல் மேசையில் வைத்துவிட்டு, "தெளிவா இல்லம்மா, நான் எழுதின இடத்துலயே எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். மறுபடியும் 7,000 ரூபாய் செலவானது. அந்த சென்டரின் கவுன்ட்டரில் இருந்த பெண், நோயாளியின் பெயரைக் கேட்கும் முன்பே, "எந்த டாக்டர் அனுப்பினாங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த மருத்துவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரின் கடைசி நாள்களில் இரவு பதினொரு மணிக்கு வீடு தேடி வந்து, நாடி பார்த்து, எவ்வளவு வற்புறுத்தியும் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்தவரும் இதே மருத்துவர்தான். தொண்டும் ஆசையும் ஒரே மனிதருக்குள் குடியிருக்கும்போது, எது எப்போது மேலோங்கும் என்பதைப் பெரும்பாலும் பணம் வரும் வழியே தீர்மானிக்கிறது.

1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை இதற்குச் சான்றாகச் சொல்வேன். பணம் கட்டுவோரின் கட்டணம் கட்ட இயலாதோரின் சிகிச்சையையும் தாங்குகிறது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்ஸை 1992 முதல் தாங்களே தயாரித்து விலையையும் குறைத்தார்கள். இவை பலரும் அறிந்தவை. எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே அறுவை செய்பவர்கள் மாதச் சம்பளம் பெறுகிறார்கள் என்பதே. எதிரே அமர்ந்திருப்பவர் பணம் கட்டியவரா, இலவசமாக வந்தவரா என்பதால் அவர்கள் வருமானம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

சம்பளம் கேட்பதையே குற்றமாகப் பார்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, சேவைக்கு வந்தவர்கள் பணம் கேட்கலாமா என்று பேசினோம். ஆறே மாதத்தில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். நியாயமான ஊதியத்தை வெளிப்படையாகக் கேட்பவரை ஏசிவிட்டு, நோயாளியை ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியதற்காக மறைவாகக் கைமாறும் கமிஷனை ஊர்வழக்கம் என்று விட்டுவிடுகிறோம்.

நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே தடை செய்துள்ளன. மருந்து நிறுவனங்களின் பரிசுகளும் 2009 திருத்தத்தில் தடுக்கப்பட்டன. ஆனால், நாளையும் அதே மருத்துவரிடம் போயாக வேண்டிய நோயாளி எப்படிப் புகார் கொடுப்பார்? ஆகவே புகாருக்காகக் காத்திராமல், ஸ்கேன் சென்டர்களுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, மருத்துவர்களுக்குப் போன தொகை ஏதும் அந்த நிறுவனங்களின் கணக்கில் உள்ளதா என்று சுகாதாரத் துறை ஆராய வேண்டும். அங்கே தெரியவரும் பெயர்களைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்.