சகதியை ஓரம் தள்ளினால் வேலை முடிந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கப் பனிப்புயல் பற்றிய பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். கார் போகிற அளவுக்கு நடுத்தெருவில் பனியை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கிய பனி ஓரத்தில் மலையாகக் கிடக்க, வயதான அம்மாள் ஒருவர் கால் வைக்க இடமில்லாமல் நிற்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் கிடந்த சகதிதான் கண்முன் வந்தது. பனி, சகதி இரண்டிலும் நடந்து பார்த்தவள் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் ஊர் நெல்லைக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஒரு ஊரையோ ஒரு அலுவலகத்தையோ குற்றம் சொல்வது நோக்கமில்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அதிகாலையில் போட்ட கோலம் காய்வதற்குள் கரைந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று மழை கொட்டியிருந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பெரியவர்களே வாயடைத்துப் போனார்கள். எங்கள் வீட்டுத் தார்சாவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மச்சில் இரண்டு ராத்திரி இருந்தோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சகதி அப்படியே நின்றது. ஆற்று வண்டல் மட்டும் என்றால் வயலுக்காவது ஆகும். இதில் சாக்கடை, நனைந்து உப்பிய மெத்தை, அழுகிய வைக்கோல், செத்த கோழி எல்லாம் கலந்திருந்தன. முழங்கால் வரை புதைந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வீடு வாசலை விட்டுவிட்டு, எங்கள் தெருவில் மம்பட்டியும் சாந்துச்சட்டியுமாக நின்று வாரினார்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது கட்டங்காப்பி மட்டும்தான். பலர் வெறும் செருப்புக் காலோடு இறங்கினார்கள். எலிக்காய்ச்சல் வருகிற சேறு அது. முழங்கால் பூட்ஸ் கொடுக்காமல் ஒருவரையும் அதில் இறக்கக் கூடாது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஜேசிபி வந்தது. அரை நாளில் மெயின் ரோடு திறந்துவிட்டது. பால் வண்டி வந்தது, பஸ் வந்தது, அதிகாரிகளின் ஜீப்பும் வந்தது. 'ரோடு கிளியர்' என்று போனில் யாரோ யாருக்கோ சொன்னதை நானே கேட்டேன். அந்த ரோட்டிலிருந்து வாரிய சகதி எங்கே போனது? இரண்டு பக்கமும் ஓரத்தில் குவிந்தது. தெருவோரச் சாக்கடையான வாறுகால் அதற்கடியில் மறைந்தது. எங்கள் முடுக்கின், அதாவது சந்தின், வாயில் இடுப்புயரத்துக்கு ஒரு கரை எழும்பி, உள்ளே இருந்த பதினெட்டு வீட்டுக்காரர்களும் அதன் மேல் ஏறி இறங்கித்தான் வெளியே வர வேண்டும் என்றாகிவிட்டது.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதிருக்கும். தனியாக இருக்கிறார். 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் முடிந்துகொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினார். வெள்ளம் வடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடக்க ஓரம் கிடையாது என்பதால் ரோட்டின் மேல் நடந்தார். பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் ஒதுங்கக் குவியலின் மேல் கால் வைத்தார். மேலே பாலாடை மாதிரி காய்ந்து வெடித்திருந்தது, உள்ளே களி. ஒரு கால் முழங்கால் வரை போய்விட்டது, உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, 'டோக்கன் நனஞ்சிட்டா பாரு தாயி' என்றுதான் முதலில் கேட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

இனி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நான் நடந்த பனிக்கு வருகிறேன். என் மகளுக்குப் பிரசவம் பார்க்க 2015 ஜனவரியில் அங்கே போயிருந்தேன். அந்த மாதம் 26, 27 தேதிகளில் அடித்த புயலில் மட்டும் இரண்டடிப் பனி. அந்தப் பருவம் முடிவதற்குள் 281 சென்டிமீட்டர் விழுந்து, அந்த நகரத்தில் பதிவான பனியிலெல்லாம் அதுதான் அதிகம் என்றார்கள். ஒருநாள் ரயிலே ஓடவில்லை. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். பனி நின்றதும் மாப்பிள்ளை இருட்டோடு எழுந்து, பனி வாருகிற சவள் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குளிர் எலும்பைக் குத்துகிறது, கொஞ்சம் விடியட்டுமே என்றேன். 'இல்ல அத்த, மூணு மணி நேரத்துக்குள்ள நடைபாதையைத் திறந்து விடணும். ராத்திரி நின்னா விடிஞ்சதுலேர்ந்து மூணு மணி நேரம்' என்றார். அது நகரத்தின் சட்டம். அகலமும் சொல்லியிருக்கிறார்கள்: 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் போக அவ்வளவு வேண்டும் என்பது கணக்கு. வாரிய பனியைத் திரும்ப ரோட்டில் தள்ளக் கூடாது. புயல் அறிவிப்பு வந்தவுடன் முக்கியமான தெருக்களில் கார் நிறுத்தத் தடை வந்துவிடும், மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாதையில் கல்லுப்புத் தூவுகிறார்கள். உப்புக் கரைந்த தண்ணீர் லேசில் உறையாது, அதனால் வழுக்காது. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நம் ஊர்ச் சரக்கு இப்படி ஒரு உயிரைக் காக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான். பச்சை உடம்புக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க, மாப்பிள்ளை குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் மார்பளவு பனிச் சுவர், நடுவில் அந்த மூன்றரை அடி. தெருமுனைக்கு வந்ததும் வழி மறிபட்டது. ரோட்டில் போன பனிவண்டி அங்கே ஒரு கரையைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. எங்கள் முடுக்கின் வாயில் ஜேசிபி தள்ளியது போல அச்சு அசலாக! அந்த முனை வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சவளால் நாலு வெட்டு வெட்டி வழி திறந்தார். முனையையும் சேர்த்துத் திறந்தால்தான் கணக்கு என்று மாப்பிள்ளை சொன்னார்.

பனியாவது வெயிலுக்குக் கரையும். அந்த வருஷம் பாஸ்டனில் லாரி லாரியாகக் கொண்டுபோய்க் கொட்டிய ஒரு குவியல், மேலே குப்பை மூடிக்கொண்டதால் ஜூலை 14 வரை கரையாமல் கிடந்தது என்று மகள் போனில் சொன்னாள். இருந்தாலும் கரைந்தது. எங்கள் சகதிக்கு அந்த வழி இல்லை. நாலு நாளில் மேல்புறம் காய்ந்து இறுகும், பத்து நாளில் புழுதியாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும், அடுத்த மழையில் திரும்ப வாறுகாலுக்குள் இறங்கி அதை அடைக்கும். கரைந்து போகிற பனிக்கே மணிக்கணக்கில் கெடு வைத்திருக்கிறார்கள். கரையாத சகதிக்கு நம்மிடம் கெடுவே கிடையாது.

வீட்டுக்காரரே நடைபாதையை வாரட்டும் என்று இங்கே சட்டம் போடச் சொல்கிறேனா? இல்லை. பீரோவும் ரேஷன் கார்டும் ஆற்றோடு போன அன்றைக்கு ஒருவரிடம் அபராதச் சீட்டை நீட்டுவது அநியாயம். நம் வீடுகளில் வாசல் தெளிப்பதும் கூட்டுவதும் யாரும் சொல்லியா நடக்கிறது? வாசற்படியிலிருந்து வாறுகால் வரை நாங்கள் வாரிக்கொள்வோம். ஆச்சி மாதிரித் தனியாக இருப்பவர்களுக்கு, நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளை வீடு குறித்து அனுப்பலாம். ஆனால் வாறுகாலைத் தாண்டி உள்ளதை உள்ளாட்சிதான் எடுக்க வேண்டும். ஓரத்தில் தள்ளினால் எடுத்ததாக ஆகாது, லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோக ஓர் இடமும் வேண்டும். பாஸ்டனில் பனி கொட்டுகிற இடங்களைப் புயலுக்கு முன்பே குறித்து வைத்திருந்தார்கள். இங்கே தண்ணீர் வடிந்த பிறகுதான் 'எங்கே தட்ட?' என்று டிரைவர் கேட்கிறார், யாரோ குளத்தங்கரையைக் கை காட்டுகிறார்கள். குளத்தில் கொட்டினால் அடுத்த வெள்ளத்துக்கு நாமே வழி வெட்டுகிறோம். ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு ஊரிலும் மேட்டுப் புறம்போக்கில் ஓர் இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். எந்தத் தெரு முதலில், எது பிறகு என்ற வரிசையையும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆஸ்பத்திரி, குடிதண்ணீருக்காக ஆற்றில் இருக்கிற உறைகிணறுகளுக்குப் போகும் பாதை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் ஆகியவை முதல் வரிசையில் வரட்டும். முடுக்குகள் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை, என்றைக்கு வரும் என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்று: சகதியின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்கள். சேற்றில் இருக்கிற கழிவே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. முதலில் வார வேண்டும், பிறகு கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் பவுடர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அந்த மார்கழி முழுக்க எங்கள் முடுக்கில் ஒரு கோலம் விழவில்லை. ஆச்சி இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார், அதற்கு மேல் போவதில்லை. நேற்று முடுக்கின் வாயில் வாறுகாலுக்கும் ரோட்டுக்கும் நடுவே கயிறு பிடித்து அளந்தேன். நாலடி இருக்கிறது. அதில் இரண்டடிக்கு இன்னும் அந்த டிசம்பர் மண்தான் கிடக்கிறது, மேலே எருக்கு முளைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலிச் சீமை.