செதிலில்லா மீன்களுக்கு அந்த மருந்தளவு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டு மீன்தொட்டி பற்றிய குறிப்பு ஒன்றைப் படித்தேன். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டால் தண்ணீரின் சூட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி, சிறிது மயில்துத்தத்தையோ (செம்பு கலந்த நீல உப்பு) மாலகைட் பச்சை என்ற சாய மருந்தையோ புட்டியில் எழுதியிருக்கும் அளவில் விட்டால் போதும், எல்லா மீனும் பிழைத்துவிடும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. "எல்லா மீனும்" என்ற அந்த இரண்டு சொற்களுக்காகவே இதை எழுதுகிறேன். கப்பி, மோலி போன்ற தொட்டி மீன்களுக்கு ஒத்துவரக்கூடிய அந்த யோசனை, இந்தப் பர்மா மண்ணின் ஆறுகளிலும் ஏரியிலும் பிறந்து இன்று பல நாட்டு வீடுகளில் வளர்க்கப்படும் மென்மையான மீன்களை நோயைக் காட்டிலும் விரைவாகக் கொன்றுவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மோல்மேன் பக்கம் ஓடும் அத்தரான் ஆற்று வட்டாரத்து அயிரை ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டில்தான் அறிவியலார் அதற்குப் போட்டியா குபோட்டாய் என்று பெயரிட்டார்கள். கரிய உடலில் வெளிர்நிறப் பொட்டுகள் வரிசையாக அமைந்த அழகான மீன். அதில் ஏழு வாங்கி வளர்த்தேன். ஒரு மார்கழி மாதம் குளிர் திடீரென்று இறங்கியபோது, அவற்றின் துடுப்பிலும் முதுகிலும் ரவையைத் தூவினாற்போல வெண்புள்ளிகள் கண்டன. மீன் வாங்கிய கடையில் கேட்டேன். நீலப்பச்சை மருந்துப் புட்டி ஒன்றைக் கொடுத்து, மேலே எழுதியிருக்கும் அளவை அப்படியே விடச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு விட்டேன். விடியற்காலையில் பார்த்தபோது ஐந்து மீன்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இந்த வகை அயிரைகள் நலமாக இருக்கும்போதே அப்படிச் சாய்ந்து படுத்து ஓய்வெடுக்கும் பழக்கமுடையவை என்பதால், உறங்குகின்றன என்றே முதலில் நினைத்தேன். உடன் நின்ற என் தங்கை மகன்தான், "மாமா, செவுள் அசையவே இல்லையே" என்றான். மிச்சமிருந்த இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரை மாற்றி, வடிகட்டியில் கரியைப் போட்டு மருந்தை இழுத்த பிறகே அவை தேறின. இறந்த ஐந்தின் மேலும் புள்ளிகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. அவற்றைக் கொன்றது நோயன்று, நான் விட்ட மருந்து.

அயிரையைச் சட்டியில் போட்டு உப்பு வைத்து உரசி அலசிய நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் தோல் எப்படிப்பட்டது என்பது நன்றாகத் தெரியும். விரலுக்குத் தட்டுப்படும் செதில் அதில் இருக்காது. நான் சொன்ன அத்தரான் அயிரைக்குச் செதில் உண்டென்றாலும், அது தோலுக்குள் புதைந்த நுண்ணிய செதில். கெளுத்தி இனத்துக்கு அதுவும் இல்லை. ஷான் நாட்டு மலைப்பகுதியிலுள்ள இன்லே ஏரியில் மட்டுமே இயற்கையாக வாழும் சிவந்த மூக்குடைய சிறு மீன் ஒன்று, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தும் செதிலே இல்லாதது. ஷான் நாட்டுச் சிற்றரசர்களைக் குறித்த 'சாப்வா' என்ற சொல்லையே 1918இல் அதற்குப் பெயராக வைத்தார்கள். இத்தகைய மீன்களுக்குச் செம்பு கலந்த மருந்தும், மாலகைட் பச்சையும், கடைகளில் இதே நோய்க்கு விற்கும் பார்மலின் என்ற கிருமிக்கொல்லியும் முழு அளவில் ஆகா. அதிலும் மயில்துத்தத்தின் நச்சுத்தன்மை தண்ணீரைப் பொறுத்து மாறும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் ஓரளவு அடங்கியிருக்கும் செம்பு, மென்மையான நீரில் பல மடங்கு கொடியதாகிறது. மழைக்காலத்தில் ரங்கூனில் என்னைப் போல் பலர் தொட்டிக்கு மழைநீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். அது மிக மென்மையான நீர். அதில் "சிறிது மயில்துத்தம்" என்று அளவே சொல்லாமல் ஒரு செய்தித்தாள் எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தொட்டியில் இறாலோ நத்தையோ இருந்தால் அவற்றுக்கும் செம்பு எமன்.

சூட்டைப் பற்றிய யோசனையும் அப்படித்தான். இன்லே ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2006இல் ஹோப்போங் அருகே கண்டறியப்பட்டு, விண்மீன் தூவியதைப் போன்ற உடலால் உலகப் புகழ் பெற்ற சின்னஞ்சிறு டேனியோ மீனின் குளங்கள் அதைவிட உயரமானவை. இவை குளிர்ந்த நீரில் பழகிய மீன்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்குக் குறைந்துவிடும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியோ செவுளையும் அரித்திருக்கும். மூச்சுவிடவே திணறும் மீனுக்கு உயிர்வளியையும் குறைத்து, அதன் மேல் இந்த மருந்துகளையும் ஊற்றினால் அது எப்படிப் பிழைக்கும்?

அந்தக் குறிப்பு சொல்லாமல் விட்ட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு 1876இல் வைக்கப்பட்ட இலத்தீன் பெயரின் பின்பாதிக்குப் 'பல பிள்ளைகளை உடையது' என்று பொருள். நாம் காணும் வெண்புள்ளி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். அந்த நிலையில் தண்ணீரில் கரைந்த மருந்து பெரும்பாலும் அதை எட்டாது. கொழுத்ததும் அது உதிர்ந்து, கூழாங்கல்லிலோ மணலிலோ ஒட்டிக்கொண்டு, ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை வெளியேறி, மீன் ஒன்றைத் தேடி நீரில் நீந்தும் ஓரிரு நாள்தான் மருந்து வேலை செய்யும் நேரம். இந்தச் சுற்று முழுவதும் 25 டிகிரி நீரில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் நீளும். ஆகவே முதல் நாளே அளவை ஏற்றுவதால் புள்ளிகள் விரைவில் மறையப்போவதில்லை, மீன்தான் நோகும். மறுபுறம், புள்ளிகள் மறைந்த அன்றே மருத்துவத்தை நிறுத்துவோர் மணலில் காத்திருக்கும் குஞ்சுகளுக்குத் தாமே வழிவிடுகிறார்கள்.

அந்த இழப்புக்குப் பிறகு நோய் மறுபடி வந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் தொட்டியில் உண்மையாக எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்தேன். 90 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரத்துக்குத் தண்ணீர் என்றால் கணக்குப்படி 144 லிட்டர். ஆனால் மணலையும் கல்லையும் கழித்தால் 125 லிட்டர்தான் தேறியது. தொட்டியின் வெளியளவைப் பார்த்து மருந்து விடுவோர் அறியாமலே அளவை மீறிவிடுகிறார்கள். பிறகு, வேறெதுவும் கலக்காத கல்லுப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்து, கிண்ணத்தில் கரைத்து, லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் ஒரு நாள் முழுவதும் பகுதி பகுதியாக ஊற்றினேன். மீன்கள் இரை எடுப்பதைப் பார்த்து, அடுத்த இரண்டு நாளில் 2 கிராமுக்கு உயர்த்தினேன். அதற்கு மேல் போகத் துணியவில்லை. நீரில் காற்றுக் குமிழ் விடும் காற்றுக்கல்லை இரட்டிப்பாக்கினேன். நாள்தோறும் குழாய் வைத்து மணலின் அடியை உறிஞ்சி, கால்பங்கு தண்ணீரை மாற்றினேன். எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டுமே திரும்பச் சேர்த்தேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் இதை விடாமல் செய்தேன். ஒரு மீனும் சாகவில்லை. செடிகள் சில கருகின, அதைப் பொருட்படுத்தவில்லை.

உப்புக்கு அடங்காத அளவு நோய் முற்றியிருந்தால் மாலகைட் பச்சையைப் பாதி அளவில், வடிகட்டியிலுள்ள கரியை முதலில் எடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து மீனைக் கவனித்துக்கொண்டே பயன்படுத்தலாம். உணவு மீன் வளர்க்கும் குளத்துக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேரக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் உணவு மீன்களுக்கு அந்த மருந்து அனுமதிக்கப்படவில்லை. அயிரையை வலையில் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றுவோர், அதன் கண்ணுக்குக் கீழே விரியும் சிறு முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இழுத்தால் தோல் கிழியும். பொன்தூள் படிந்தாற்போல் தெரிவது வெள்ளைப்புள்ளி நோயன்று, நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போவது பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணியின் வேலை. இவற்றுக்கு மருந்து வேறு.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. மார்கழிக் குளிர் தொடங்கும் முன், அதே பக்கத்தில் திருத்தம் ஒன்றை வெளியிடுங்கள். செதிலில்லாத மீன், அயிரை, கெளுத்தி, இன்லே வட்டாரத்து மீன்கள் ஆகியவற்றுக்கு அந்தக் குறிப்பின் மருந்தளவும் சூடும் பொருந்தாது என்று பெரிய எழுத்தில் அதில் இருக்கட்டும். மீன் விற்கும் நம் ஆட்களும் புட்டியைக் கொடுக்கும் முன் "உங்கள் தொட்டியில் என்ன மீன் இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கும்படி அந்தத் திருத்தத்திலேயே எழுதுங்கள். அந்தக் கேள்வியை அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ரங்கூன்