இரண்டாம் டேர்ம் முடியுது, கூடவே கம்பெனி கார்டன் பத்தி கொஞ்சம் பேசணும்

அன்புள்ள அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லாருக்கும் வணக்கம்.

மொரிஷியஸ் போர்ட் லூயிஸ்ல நடக்கற நம்ம சனிக்கிழமை தமிழ் க்ளாஸோட இரண்டாம் டேர்ம் நல்லபடியா முடிஞ்சுது. பரீட்சைல எல்லாரும் நல்லா பண்ணாங்க, திருக்குறள் ஒப்பிக்கறதுல சின்ன க்ளாஸ் பெரிய க்ளாஸை ஓரங்கட்டிடுச்சு, கோலம், பாட்டு எல்லாம் சிறப்பு, உதவி பண்ணவங்களுக்கு நன்றி. மார்க் ஷீட் பையில இருக்கு, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. தமிழ் படிக்க வராதவங்களுக்கு இந்த லெட்டரை பிள்ளைங்களே வாசிச்சு நம்ம ஊரு பேச்சு மொழி க்ரியோல்ல சொல்லட்டும், அதுவும் ஹோம்வொர்க்தான். (நடுவுல ஏதாவது பாராவை முழுங்கினாங்கன்னா அது கீழே வர்றதுதான், உஷார்.)

இந்த டேர்ம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது கம்பெனி கார்டனுக்கு நடந்து போனதுதான். பக்கத்து மியூசியத்துல அழிஞ்சுபோன டோடோ பறவையோட எலும்புக்கூட்டைப் பாத்துட்டு தோட்டத்துக்குள்ள போய், ஒவ்வொரு சிலைக்கும் பேரை தமிழ் எழுத்துல எழுதணும்னு நோட்டைக் கையில கொடுத்தோம். 18ம் நூற்றாண்டுல பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு காய்கறி விளைஞ்ச இடம் இது, அதான் கம்பெனி போயும் பேரு போகலன்னு சொன்னா, ஒரு பொண்ணு சுத்திப் பாத்துட்டு "அப்போ கத்தரிக்கா எங்க மிஸ்?"ங்கறா. ஆத்ரியன் தெபினே சிலைகிட்ட போனோம், அதைச் செஞ்சது அவரோட மகன் ப்ரோஸ்பேர்தான். 1835ல அடிமை முறை ஒழிஞ்சப்போ முதலாளிங்களுக்கு நஷ்டஈடு கிடைக்கணும்னு லண்டன் வரைக்கும் போய் வாதாடின வக்கீல் இவருன்னேன். "அடிமையா இருந்தவங்களுக்கு என்ன குடுத்தாங்க?"ன்னு ஒரு பையன் கேட்டான் பாருங்க, ஒண்ணும் குடுக்கலப்பா, அதுக்கப்புறமும் சில வருஷம் அதே முதலாளிகிட்ட வேலை செய்ய வெச்சாங்கன்னு சொல்லும்போது எனக்கே தொண்டை அடைச்சுது. அதே தோட்டத்துலதான் ரெமி ஒலியேவும் இருக்கார், 1843ல பத்திரிகை ஆரம்பிச்சு கலப்பின மக்களோட உரிமைக்காக எழுதி, 28 வயசுலயே போயிட்டவர். மணிலால் டாக்டரும் இருக்கார், காந்தி சொல்லி 1907ல இந்தியத் தொழிலாளிங்களுக்காக இங்க வந்த வக்கீல். டாக்டர்ங்கறது பேருதான், ஊசி போடறவர் இல்லன்னு சொன்னப்பறம்தான் சின்னதுங்க கிட்டப் போச்சுங்க.

இதுல என் தப்பு ஒண்ணு ஆகிப்போச்சு. பிள்ளைங்களுக்கு தோட்டம் பிடிச்சுப்போச்சு, உங்களுக்கும் அது வசதியாப் போச்சு.

க்ளாஸ் நாலு மணிக்கு முடியுது. போன சனிக்கிழமை நான் பூட்டிட்டுக் கிளம்பினப்போ அஞ்சே கால் ஆயிடுச்சு, பஸ்ஸுக்கு அந்த வழியா நடந்தா நம்ம பிள்ளைங்க நாலு பேர் உள்ளே இருக்காங்க. ஒருத்தன் ஆலமர விழுதுல பையை மாட்டிட்டு இன்னொரு விழுதுல தொங்கறான், ரெண்டு பேர் தெபினே பீடத்துல உக்காந்து காத்தோ பிமா (நம்ம பருப்பு வடை மாதிரி) சாப்பிட்டு எண்ணெய்க் கையை அந்தக் கல்லுலயே தொடைக்கறாங்க. நாலாவது நம்ம சின்ன க்ளாஸ் பொண்ணு. அசையவே இல்ல, ஒரு சிலைக்குக் கீழ பையை மார்போட கட்டிக்கிட்டு நிக்குது. என்னம்மான்னா "கோட்டு போட்ட தாத்தா கீழ நில்லு, வந்துடறேன்னு அப்பா சொன்னாரு"ங்குது. அங்க இருக்கற தாத்தாங்க எல்லாரும் கோட்டுதாங்க போட்டிருக்காங்க! அப்பா அந்தப் பக்கம் வேற ஒரு கோட்டு தாத்தாகிட்ட நின்னு பதறிப்போய் தேடிட்டிருந்தார். யாருன்னு சொல்லமாட்டேன், அவருக்கே ரொம்ப வருத்தம்.

உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. குதிரை ரேஸ் இருக்கற சனிக்கிழமைல ஷான் த மார்ஸ் மைதானத்துப் பக்கம் வண்டி நகராது, சிலருக்கு கடை சாத்திட்டு வரணும், சிலருக்கு ரோஸ் ஹில்லுல இருந்து வரணும், பத்து நிமிஷம் லேட்டாகறது யாருக்கும் நடக்கும், அதுக்கு நான் இந்த லெட்டர் எழுதல.

ஆனா ஒரு மணி நேரம், அதுவும் வாராவாரம்னா அது வேற. சனிக்கிழமை மதியத்துக்கு மேல போர்ட் லூயிஸ் எப்படி காலியாகுதுன்னு உங்களுக்கே தெரியும், கடையெல்லாம் சாத்திடறாங்க, இந்த மாசத்துல ஆறு மணிக்குள்ள இருட்டிடுது, மரத்தடியில அதுக்கும் முன்னாடியே. 2013 மார்ச் 30ம் ஒரு சனிக்கிழமைதாங்க. கொஞ்ச நேரம் பெஞ்ச மழைல இதே ஊருல 11 உசுரு போச்சு, அதை நம்ம யாரும் மறக்கல. அதனால நேரடியாவே சொல்லிடறேன்: பிள்ளையை கம்பெனி கார்டன்ல நிக்கச் சொல்லாதீங்க. சிலைங்க பிள்ளை பாத்துக்காது. அடுத்த டேர்ம்ல இருந்து வீட்டாள் வராம எந்தப் பிள்ளையையும் கேட்டைத் தாண்டி விடமாட்டோம், பெரிய பிள்ளைங்க தானா பஸ்ல போறதுன்னா நீங்க எழுதிக் கொடுக்கணும். நாலரைக்கு மேல ஆனா போன் பண்ணுவோம், மூணு தடவை ஆச்சுன்னா நீங்களும் நானும் உக்காந்து பேசவேண்டியிருக்கும். ஃபைன் எல்லாம் போடப்போறதில்ல, காசு கொடுத்தா லேட்டா வரலாம்னு ஆயிடும். நம்ம டீச்சர்ஸ் சம்பளமில்லாம வர்றவங்க, அவங்களுக்கும் வீடு இருக்கு, பிடிக்கவேண்டிய பஸ் இருக்கு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பஸ்ஸை விட்டா அடுத்தது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்.

லேட்டாகும்னா ஒரு மெசேஜ் போடுங்க, அது போதும், பிள்ளை உள்ளேயே உக்காந்திருக்கும், பிஸ்கட் கூட வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேத்து கூட்டிட்டுப் போறவங்க சில பேர் இருக்கீங்க, நீங்க சொல்லாமலே செய்யறது எனக்குத் தெரியும், ரொம்ப நன்றி. எங்க மேல நம்பிக்கை வெச்சு லீவு நாள்லயும் பிள்ளைங்களை தமிழ் படிக்க அனுப்பறீங்களே, அதுக்கும்.

தோட்டத்துக்கு மறுபடியும் போவோம், இந்தத் தடவை நீங்களும் வாங்க, பீடத்தைத் தொடைக்க ஒரு துணியோட.

ஒரு நீலக் கலர் தண்ணி பாட்டில் ஒலியே சிலைகிட்ட கிடந்துச்சு, என் மேசைல இருக்கு, யாரோடதுன்னு பாத்து வாங்கிக்கங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்