நந்தவனத்துப் பாம்புக்கு விலை வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மியான்மரின் மோல்மேன் வட்டாரத்தில் உள்ள நம் கோயிலின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நந்தவனத்து வெற்றிலைக் கொடியில் அடித்துக் கொல்லப்பட்டு, அலுவலக வாசலில் கொண்டுவந்து போடப்பட்ட பாம்பை நீங்கள் அனைவரும் பார்த்தீர்கள். அதற்குரிய அன்பளிப்பையும் அன்றே கொடுத்துவிட்டீர்கள். பாம்பின் தலைக்குப் பணம் என்னும் அறிவிப்பு ஏன் ஒட்டப்பட்டது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி விரியன் கடித்து ஆண்டுதோறும் உயிர்கள் போகும் நாட்டில் உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அன்று செத்தது விரியன் அன்று. மெலிந்த உடலும் மழுங்கிய முகமும் பெரிய கண்களும் கொண்டு, இரவில் செடி கொடிகளில் ஏறி நத்தைகளைத் தேடித் தின்னும் நஞ்சற்ற பாம்பு அது. கழுத்து ஒடுங்கித் தலை அகன்று தெரிவதால் விரியன் என்று பழி சுமக்கிறது.

அதன் வாய் நத்தைக்கென்றே அமைந்தது. கீழ்த்தாடையின் இரு பக்கங்களையும் தனித்தனியே அசைத்து, ஓட்டுக்குள் ஒடுங்கிய சதையை வெளியே இழுத்துவிடும். ஜப்பானின் தென்தீவுகளில் வாழும் இதன் உறவினத்தை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டவர்கள், தாடையின் வலப்பக்கத்தில் ஏறத்தாழ 25 பற்களும் இடப்பக்கத்தில் 18 பற்களுமே இருப்பதைக் கண்டனர். பெரும்பாலான நத்தை ஓடுகள் வலஞ்சுழியாக இருப்பதே அதற்குக் காரணம். இப்படிப்பட்ட வாயைக் கண்டுதான் நாம் கழியைத் தூக்குகிறோம்.

'எங்கிருந்தோ வந்த பீடை' என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் குடும்பத்துப் பாம்பு ஒன்றை 1905இல் பூலாஞ்சர் என்னும் அறிஞர் அறிவியலுக்கு அறிமுகம் செய்தது நம் நாட்டு மோகோக் ஊரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டே. எங்கிருந்தோ வந்தது நந்தவனத்தை மேயும் ஆப்பிரிக்கப் பெருநத்தைதான். 1847இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் ஆசியாவெங்கும் பரவியது. வளர்ந்த பெருநத்தையை இந்தச் சிறு பாம்பால் தின்ன இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாற்றின் குருத்தை அரிக்கும் சிறு நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் அதன் அன்றாட உணவு.

அந்த நத்தைகளால் படும் பாடு யாருடையது என்பதை நீங்கள் அறிவீர்கள். மழைக்காலம் முழுவதும் விடியுமுன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, துலுக்கமல்லி நாற்றிலும் துளசியிலும் ஒட்டியிருப்பவற்றை வெறுங்கையால் பொறுக்கி உப்புநீரில் போடுகிறவர்கள் நம் பூக்கட்டும் பெண்கள். கையின் வழுவழுப்பு சோப்புப் போட்டாலும் எளிதில் போவதில்லை. அதே கையோடுதான் அவர்கள் பூத்தொடுக்க உட்கார வேண்டும். நத்தையின் உடலில் மனிதரின் மூளையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. ஒரு சோடிக் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. குருத்து போனதால் பூ குறைந்தது, பூ குறைந்ததால் மாலை குறைந்தது, மாலை குறைந்ததால் அவர்கள் கூலியில் பிடித்தம் செய்தீர்கள். பாம்பைக் கொன்றவருக்கு அன்பளிப்பு, அது தின்ன வேண்டிய நத்தையைப் பொறுக்கியவருக்குத் தண்டனை. இந்தக் கணக்கை எழுதியவர் எவரோ, அவருக்கு என் பாராட்டுகள்.

மண்டலைக்கு அருகே பலெய்க் புத்தர் கோயிலில் மலைப்பாம்புகளை நீராட்டிப் பேணுகிறார்கள். நம்மவர்களும் வண்டி பிடித்துப் போய் வணங்கி வருகிறார்கள். நம் கோயிலில் புற்றுக்குப் பால் ஊற்றப்படுகிறது, பின்புறத்தில் கழி வீசப்படுகிறது. நத்தைக்கென்று தூவிய நச்சுக் குருணை நாய்க்கும் ஆபத்தானது. அந்தப் பெண்களின் குழந்தைகள் அங்கேதான் விளையாடுகின்றன. இதைப்பற்றிப் பேசத் தொடங்கினால் மடல் நீளும்.

வரம்பு மீறிப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது ஒன்றே: பாம்பின் தலைக்குப் பணம் என்னும் அறிவிப்பை நீக்குங்கள். பாம்பு தென்பட்டால் அடிக்காமல், விலகி நின்று, பாம்பு பிடிக்கத் தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். பூக்கட்டும் பெண்களிடம் பிடித்தம் செய்த கூலியைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறும், அதுவரையிலாவது அந்த அறிவிப்பைச் சுவரிலிருந்து அகற்றி வைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நந்தவனப் பணியில் உதவும் அடியார் ஒருவர்