ஏழு எண்ணிக்கையை எட்டாக நீட்டும் இசை மென்பொருள்: புகார் கடிதம்

அனுப்புநர்
ஒலிப்பதிவுக் கூட உரிமையாளர்,
வடசேரி, நாகர்கோவில்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் லூப் (ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும்) இசை மென்பொருளில் மிஸ்ர சாபு (ஏழு எண்ணிக்கை), கண்ட சாபு (ஐந்து எண்ணிக்கை) தாளங்களில் பணிபுரிய இயலாமை – குறையைத் திருத்தவும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வடசேரியில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைத் தனி ஆளாக நடத்திவருகிறேன். கோயில் கொடைகளுக்கான வில்லுப்பாட்டு, தேவாலயப் பாடகர் குழுக்களின் பாடல்கள், நடனப் பள்ளிகளுக்கான பயிற்சி ஒலித்தடங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்துதான் பிழைக்கிறேன். எந்தத் தாள அளவிலும் இசையமைக்கலாம் என்ற தங்கள் விளம்பரத்தை நம்பி, கடந்த சித்திரையில் ரூ.9,500 செலுத்தி மென்பொருளின் முழுப் பதிப்பை வாங்கினேன்.

சென்ற மாதம் ஒரு நடன ஆசிரியை, தம் மாணவிகள் மிஸ்ர அலாரிப்பு (ஏழு எண்ணிக்கையில் ஆடும் பரதநாட்டியத் தொடக்க உருப்படி) பழகுவதற்கு ஒலித்தடம் கேட்டார். சுசீந்திரத்தைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த மிருதங்க வித்துவான் ஒருவரை அழைத்து, தகிட தகதிமி என்ற ஏழு அட்சரச் (எண்ணிக்கை) சொல்லை நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசிக்கச் செய்து பதிந்தேன். தாள அளவு 7/8, வேகம் நிமிடத்துக்கு 105 பீட்டு (பிபிஎம்), ஒரு பீட்டுக்கு இரண்டு அட்சரம். ஓர் ஆவர்த்தனத்துக்கு 2 வினாடி வீதம் மொத்தம் 8 வினாடி. பெரியவரின் வாசிப்பு அதில் இம்மியும் பிசகவில்லை. ஆனால் அந்தப் பதிவை லூப்பாக மாற்றி, தங்கள் மென்பொருளிலேயே அமைத்த ஜால்ராவுடன் ஓடவிட்டபோது, முதல் ஆவர்த்தனம் முடிவதற்குள்ளேயே மிருதங்கம் பின்தங்கியது. உடனிருந்த ஆசிரியை பெரியவரின் பக்கம் திரும்பி, எங்கேனும் விட்டுப்போயிற்றா என்று கேட்டார். அவர் மறுமொழி சொல்லாமல் மறுபடியும் வாசித்தார். மும்முறை வாசித்த பிறகே பிழை அவருடைய விரல்களில் இல்லை, தங்கள் மென்பொருளில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். ஐம்பதாண்டு சாதகம் உள்ள ஒருவர் என் கூடத்தில் அப்படித் தலைகுனிந்து அமர்ந்திருந்ததை என்னால் மறக்க இயலவில்லை.

நடந்தது இதுதான். உள்ளே வரும் எந்தப் பதிவையும் 4, 8, 16, 32 ஆகிய பீட்டுகளில் ஒன்றாகவே மென்பொருள் கணிக்கிறது. எங்கள் பதிவில் இருந்தவை 28 அட்சரங்கள், அதாவது 14 பீட்டுகள். அதை 16 என்று தானாகவே முடிவு செய்து, 8 வினாடி வாசிப்பை 9.14 வினாடிக்கு இழுத்துவிட்டது. அந்த இழுப்பில் மிருதங்கத்தின் மீட்டுச் சொற்களின் கூர்மை மழுங்கியது; தொப்பி என்ற இடப்பக்கத்தில் எழும் கும்கி நாதம் குழைந்து கெட்டது. சரியான எண்ணிக்கையை நாமே எழுதுவதற்கு அங்கே கட்டம் இல்லை. அந்த நான்கு எண்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடிகிறது. நீட்டும் வசதியையே அணைத்துவிட்டால் வாசிப்பு கெடாமல் தப்புகிறது என்றாலும், தொடக்க மாணவிகளுக்காக வேகத்தைக் குறைக்க முடிவதில்லை. நான் லூப் மென்பொருள் வாங்கியதே அதற்காகத்தான்.

தங்கள் நூலகத்தில் உள்ள ஆயத்த லூப்புகளும் உதவவில்லை. நான் தேடிப் பார்த்த தாளவாத்திய லூப்புகள் அனைத்தும் 4/4 அளவில், அதாவது எட்டு எண்ணிக்கையில் அமைந்தவை. அவற்றை 7/8 திட்டத்தில் வைத்தால் எட்டு எண்ணிக்கையும் ஏழு எண்ணிக்கையும் விலகிச் சென்று, 56 எண்ணிக்கைக்கு ஒருமுறையே ஒன்றாகத் தொடக்கத்தில் வந்து சேர்கின்றன. சில இசைக்கு அது அழகாக இருக்கும். காலடி பழகும் பிள்ளைகளுக்கு ஆகாது. கடைசி எண்ணிக்கையை வெட்டிவிடுமாறு தங்கள் பணியாளர் மின்னஞ்சலில் யோசனை கூறினார். நாலும் நாலுமாக அமைந்த லூப்பின் வாலை வெட்டினால் கிடைப்பது தகதிமி தகிட, அதாவது நான்கும் மூன்றும். மிஸ்ர சாபுவுக்கு வேண்டியது மூன்றும் நான்கும். வரிசை புரண்டால் அது விலோம சாபு என்ற வேறொரு நடையாகிவிடுகிறது. சியாமா சாஸ்திரிகள் அதைத் தெரிந்தே கையாண்டார், நாங்கள் கத்தரிக்கோலால் அங்கே போய்ச் சேர விரும்பவில்லை. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமும் முதல் எண்ணிக்கைக்கு மட்டுமே அழுத்தம் தருகிறது. கண்ட சாபுவின் ஐந்தைத் தக தகிட என்று பிரித்துக் கேட்க வழியில்லை.

இரண்டாவது மின்னஞ்சலுக்கு, திட்ட அமைப்பில் 7/8 என்று மாற்றினால் போதும் என்று பதில் வந்தது. அதை மாற்றினால் திரையில் உள்ள கோடுகள் மட்டுமே மாறுகின்றன என்பதை ஒலிக்கோப்புடன் விளக்கி மூன்றாவதாக எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை.

ஆகவே, பதிவின் பீட்டு எண்ணிக்கையைப் பயனரே எழுதும் வசதியையும், மெட்ரோனோமில் அழுத்தங்களை 3+4, 2+3 என்று பிரிக்கும் வசதியையும் எப்போது தருவீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் முதலாவதே எனக்கு முதன்மையானது. அது ஒன்று கிடைத்தாலும் என் வேலை நடக்கும். அதுவும் இயலாதெனில் விளம்பரத்திலிருந்து அந்த வாசகத்தை நீக்கி, நான் செலுத்திய தொகையை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் வசிக்கும் இந்த மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். பெரியவரின் மூலப் பதிவையும், தங்கள் மென்பொருள் நீட்டிய பதிவையும் இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் பொறியாளர்கள் இரண்டையும் தாளம் போட்டுக்கொண்டே கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நாகர்கோவில்.