பால் சொசைட்டி வாசலில் விற்ற தகடு

கொங்கு நாட்டுப் பால் சொசைட்டித் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கமுங்க.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊரில் ஆத்தா நாலு மாடு வைத்திருக்கிறார்கள். போன மாசியில் காலைப் பால் ஊற்றும் நேரமாகப் பார்த்து இரண்டு பேர் சொசைட்டிக்கு வந்தார்கள். கையில் கறுப்பாக வட்டத் தகடு, கோத்துக் கட்டச் சிவப்புக் கயிறு. குவாண்டம் எனர்ஜியாம். மனுசர் போட்டால் சர்க்கரை இறங்குமாம், மாட்டுக்குக் கட்டினால் மடிநோய் அண்டாதாம். ஒன்று 3,500 ரூபாய். பால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று செயலாளரே சொன்னதும் ஆத்தா இரண்டு வாங்கிவிட்டார்கள், தனக்கொன்று, செவலைக்கொன்று. பக்கத்துத் தோட்டத்தில் நாய்க்குக்கூடக் கட்டியிருக்கிறார்கள்.

பத்து நாளில் செவலைக்குப் பின்காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வந்தது. தகடுதான் இருக்கிறதே என்று ஆத்தா நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்த் தொட்டபோது மடி அனலாகக் கொதித்தது, அந்தப் பக்கம் கல்லாக இறுகிக் கிடந்தது. கழுத்தில் சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போட்டு டாக்டர் வந்தார். மாடு பிழைத்தது, காம்பு போய்விட்டது. ஆத்தா சர்க்கரை மாத்திரையை நிறுத்தாமல் இருந்ததே பெரிய காரியம்.

அப்போ எனர்ஜி வைத்தியம் எல்லாமே பொய்யா என்று ஊரில் கேட்கிறார்கள். அப்படியில்லை. கூடாத எலும்பைக் கூடவைக்க மின்காந்தத் துடிப்புக் கருவிக்கு 1979-லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதில் கம்பிச்சுருள் உண்டு, கரண்டு உண்டு, எத்தனை மணி நேரம் வைப்பது என்ற கணக்கும் உண்டு. மடிநோய்க்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசச் சொல்வதிலும் அளவு இருக்கிறது. இந்தத் தகட்டில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியவில்லை. 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுக்கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் இதே மாதிரி எனர்ஜிப் பதக்கம், கண்பட்டை என்று 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லி, யாரும் அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. எங்கள் தகட்டை யாராவது சோதித்தார்களா?

எங்கள் பாலில் தண்ணீர் கலந்தால் லேக்டோமீட்டரை விட்டு டிகிரி பார்த்துத் திருப்பி அனுப்புகிறீர்கள். அது நியாயம். உங்கள் வாசலில் விற்கிற பொருளுக்கும் அந்தக் கறார் வேண்டாமா?

தாயத்து மாதிரி மாயப் பொருளால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மாயப் பொருள் எது என்று சொல்லும் இடத்தில் மனிதரோடு விலங்குகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் அதன் பட்டியலிலேயே இருக்கிறது.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்: கால்நடை டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாத எதையும் சொசைட்டியில் விற்க விடக்கூடாது. அப்புறம், தகட்டுக்காகப் பால் பணத்தில் மாதாமாதம் பிடிப்பதை இந்தப் பட்டுவாடாவோடு நிறுத்துங்கள். ஆத்தாவுக்கு இன்னும் 4,000 ரூபாய் பாக்கி காட்டுகிறது.